அகலப் பலகையின் காலம்

காற்றுக்காகக் காத்திருப்பது ஒரு காலத்தில் முழுநாள் வேலையாக இருந்தது. மொட்டை மாடியில் காத்தாடியை மடியில் வைத்துக்கொண்டு, தென்னங்கீற்று அசைகிறதா, எதிர்வீட்டுக் கொடியில் காயும் சேலை எந்தப் பக்கம் புடைக்கிறது என்று பார்த்துப் பார்த்தே ஒரு கோடை விடுமுறைப் பிற்பகலைக் கரைத்தவர் நீங்கள் என்றால், நான் சொல்லப்போவது உடனே பிடிபட்டுவிடும். சூத்திரம் கட்டியாகிவிட்டது, வால் ஒட்டியாகிவிட்டது, நூல்கண்டு கையில் இருக்கிறது. வரவேண்டியது காற்று மட்டும்தான். அந்தக் காத்திருப்பை அப்படியே தூக்கிக்கொண்டு ராமேசுவரம் தீவின் கரைக்குப் போன சிறு கூட்டம் ஒன்றில் நானும் இருந்தேன். அங்கே நூலுக்குப் பதில் 20, 25 மீட்டர் நீளத்தில் நான்கு கயிறுகள், தாளுக்குப் பதில் பம்ப் வைத்துக் காற்றடித்த துணி, இடுப்பில் ஹார்னெஸ், காலடியில் ஒரு பலகை. கைட்போர்டிங் என்ற பேச்சே ஊருக்குள் வராத காலம். கரையில் வலை உலர்த்துகிறவர்கள் எங்களைப் ‘பட்டம் விடுற பசங்க’ என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயர் எங்களுக்குப் பிடித்தும் இருந்தது.

தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடித்து ஆண் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அப்போது எந்தப் பலகையைக் கொடுத்தாலும் ஓடும், சின்னப் பலகை இன்னும் நன்றாக ஓடும். டிசம்பர் பிறந்து பிப்ரவரி முடிய வாடை வடகிழக்கிலிருந்து வரும். அது கச்சானைப் போல முரட்டுத்தனம் பண்ணாது, நாளுக்கொரு குணமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மார்ச்சிலும் அக்டோபரிலும் காற்று எங்கோ விருந்துக்குப் போயிருக்கும். காலையில் கடல் எண்ணெய் பூசினது மாதிரி கிடக்கும், நிலம் சூடேறின பிறகு மதியத்துக்கு மேல் கடற்காற்று மெல்ல எழுந்து 10 நாட், 12 நாட் என்று வந்து நிற்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 12 நாட் என்றால் சைக்கிளை விரட்டி மிதித்தால் முகத்தில் அடிக்கிற காற்று, அவ்வளவுதான். அலையின் நுனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரியத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான். அந்த முதல் வெள்ளையைத் தேடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற மதியங்களை எண்ணினால் இன்றும் மனம் இளகுகிறது.

மெல்லிய காற்றில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அப்போதெல்லாம் எல்லோர் வாயிலும் வந்த பதில், பெரிய கைட் வாங்கு என்பதுதான். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும், குறையும். 18 நாட் 12 நாட்டாக இறங்கினால் வேகத்தில் போவது மூன்றில் ஒரு பங்கு, ஆனால் இழுவையில் பாதிக்கு மேல் போய்விடும். அதை ஈடுகட்ட 12 சதுர மீட்டர் கைட்டை வைத்துவிட்டு 17 சதுர மீட்டரை எடுப்பார்கள். எடுத்துப் பாருங்கள், பெரிய கைட் பெரிய எடை. அது திரும்புவதற்குள் வந்த வீச்சு போய்விடும். காற்று ஒரு நொடி மூச்சு விட்டால் போதும், வானத்திலிருந்து ஈர வேட்டி விழுகிற மாதிரி நீரில் விழும். விழுந்தால் 8 நாட்டில் அதை மறுபடி எழுப்புவது நடக்கிற காரியம் இல்லை. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: மெல்லிய காற்றில் முதலில் மாற்ற வேண்டியது தலைக்கு மேலே இருப்பதை அல்ல, காலுக்குக் கீழே இருப்பதை. அன்று சொன்னதை இன்றும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்.

இந்த விளையாட்டே வயதில் இளையது. பிரான்சில் பிரிட்டனிக் கரையைச் சேர்ந்த லெகெனூ சகோதரர்கள், புரூனோவும் தொமினிக்கும், விளிம்பில் காற்றடைத்த கைட்டுக்கு 1984-இல் காப்புரிமைக்குப் பதிந்தார்கள். நீரில் விழுந்தாலும் மூழ்காது, மறுபடி எழும் என்பதுதான் அதன் புதுமை. அதற்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு வருடம் உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் பிற்பாதியில் ஹவாயின் மௌயி தீவில் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடின பிறகுதான் கண் திறந்தது. அன்றைய பலகைகள் சர்ஃப்போர்டின் தம்பிகள்: முன் ஒன்று பின் ஒன்று என்று இருக்கும், திரும்புகிறபோது கால் மாற்ற வேண்டும். 2000-ஐ ஒட்டி இரண்டு முனையும் ஒன்றாக இருக்கிற ட்வின் டிப் பரவிற்று. போன வழியே கால் மாற்றாமல் திரும்பி வரலாம். 2005-ஐ ஒட்டி வந்த வில் வடிவக் கைட்டுகளில் கையில் பிடிக்கிற பாரைத் தள்ளினால் இழுவை ஏறத்தாழ முழுதும் அடங்கியது. பயந்து ஒதுங்கியிருந்த பலர் அதற்குப் பிறகுதான் கடலுக்குள் இறங்கினார்கள். நாங்கள் வந்து சேர்ந்தது அந்தக் கட்டத்துக்குச் சற்றுப் பின்னால். வெளிநாட்டிலிருந்து வந்து போனவர்கள் விட்டுச் சென்ற பழைய சாமான்களும், கைமாறிக் கைமாறி வந்த கைட்டுகளுமே எங்கள் சொத்து. இருந்த பலகைகள் எல்லாம் 136-க்கு 41 சென்டிமீட்டர். 20 நாட் காற்றுக்குச் செய்தவை. வாடையின் சோம்பலான மதியங்களில் அவற்றின் மேல் ஏறி நின்றால், கணுக்கால் வரை அமிழ்ந்து அங்கேயே நிற்கும்.

அதனால்தான் படகு கட்டுகிற ஓடாவியிடம் போனோம். தீவில் அப்போது மரப் படகுக் காலம் முடிந்து ஃபைபர் வள்ளங்கள் நிறைந்துகொண்டிருந்தன. வத்தை கட்டின கைகள் ரெசினுக்கும் ஃபைபர் மேட்டுக்கும் பழகிக்கொண்டிருந்தன. அவர் பட்டறையில் ஒரு பக்கம் அடிப்பலகை போட்ட பாதி வத்தை ஒன்று ஆள் வராமல் காய்ந்து கிடக்கும், இன்னொரு பக்கம் பச்சை வண்ணத்தில் அச்சிலிருந்து கழற்றிய வள்ளம் பளபளக்கும், நடுவில் முக்காலியில் அவர். நாங்கள் தாளில் வரைந்து கொண்டுபோனதை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“நீளம் அஞ்சேகால் அடி. அகலம் ஒன்றரை அடி. சரி. வளைவு எவ்வளவு தம்பி?”

“வளைவு வேணாம்ணே. தட்டையா இருக்கட்டும்.”

“வளைவு இல்லாம ஒரு மரம் கடல்ல ஓடுமா? மூக்குக் குத்திராதா?”

“வேகமா போனா குத்தும்ணே. இது மெதுவான காத்துக்கு. மெதுவா போறப்ப வளைவு தண்ணியத் தள்ளிக்கிட்டே நிக்கும், மேல ஏற விடாது.”

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அந்தப் பாதி வத்தையின் அடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு வந்தார். “ஏறட்டும் பாப்பம்” என்றார்.

அந்த உரையாடலுக்குள்ளேயே மெல்லிய காற்றுப் பலகையின் சூத்திரம் முழுதும் இருக்கிறது. பலகையின் இரண்டு முனையும் மேல்நோக்கி எழும்புகிற வளைவை ராக்கர் என்கிறார்கள். தரையில் பலகையை வைத்து முனையில் விரலை நுழைத்துப் பாருங்கள். துள்ளி விளையாடுவதற்குச் செய்த பலகையில் மூன்று விரல் தாராளமாகப் போகும், மெல்லிய காற்றுக்குச் செய்ததில் ஒன்றோ இரண்டோதான் போகும். வளைவு அலையில் மெத்தென்று இறங்க உதவும், திரும்புவதற்கு உதவும். ஆனால் நீரைத் தள்ளும். காற்று கொடுக்கிற கொஞ்ச இழுவையை நீரைத் தள்ளுவதிலேயே செலவழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? தட்டையான பலகை அதைச் சேமித்து வேகமாக்கித் தரும். அடுத்தது அகலம். நீளத்தைவிட அகலம் பேசும் என்பது என் முடிவு. 136-க்கு 41 என்பதைவிட 160-க்கு 45 என்பது பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதலில் காலுக்கு நேர் கீழே வருகிற 4 சென்டிமீட்டர் அகலம்தான் ஆளைத் தூக்குகிறது, நீளம் ஓரத்தைப் பிடித்துக் காற்றை எதிர்த்து நகர உதவுகிறது. ஓரம் நேர்கோடாக இருந்தால் இன்னும் நல்லது.

ஓடாவி மரைன் பிளைவுட்டில் அதை அறுத்தார். ஓரத்துக்கு ரெசினில் நனைத்த மேட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார்; கையுறை இல்லை, ஹார்ட்னர் நெடியில் எங்கள் கண்ணெல்லாம் கரித்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த பிறகு உப்புத்தாளில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். நகத்தை ஓரத்தின் மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பார். எங்கே நகம் தடுக்கிற்றோ அங்கே மறுபடி தேய்ப்பு. மதியம் தொடங்கின அந்தத் தேய்ப்பு விளக்கேற்றின பிறகும் நடந்தது. எடை 5 கிலோவுக்குக் குறையாது. இன்று கடையில் கிடைப்பவை அதைவிட நன்றாகவே இலேசு. கால் நுழைக்கிற பட்டைகளை ஒரு பழைய பலகையிலிருந்து கழற்றிப் பூட்டினோம். அதன் பெயர் எங்களுக்குள் கதவு. உலகமெங்கும் இந்த மாதிரிப் பெரிய தட்டைப் பலகைகளைக் கைட்காரர்கள் கதவு என்றுதான் தங்கள் தங்கள் மொழியில் சொல்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது, முன்பின் பார்க்காத சொந்தக்காரர்கள் கிடைத்த மகிழ்ச்சி.

அது நீரின்மேல் ஏறுகிற நொடியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமில்லாத நீரில், வாடை 12 நாட்டில் நிற்கிற ஒரு தை மாதப் பிற்பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் உட்கார்ந்தபடி பலகையைக் காலில் மாட்டி, கைட்டை மேலும் கீழுமாக எட்டு எட்டாக வரைந்து இழுத்து, காற்றோடு சாய்ந்து கொஞ்சம் கீழ்நோக்கிப் பலகையைக் காட்டினால், முதலில் அது உழும். முன்விளிம்பில் நீர் குவிந்து சளசளக்கும், தட்டை மூக்கிலிருந்து உப்புநீர் நேராகக் கண்ணுக்குள் அடிக்கும், பார்வை மங்கும். இழுவை போதுமா போதாதா என்று தெரியாது. திடீரென்று சளசளப்பு நின்று, காலுக்கடியில் ‘சர்ர்’ என்று ஒரே சீராக ஒரு சத்தம் தொடங்கும். குதிகாலில் இருந்த பாரம் கழன்றுவிடும். பலகை உழுவதை விட்டுவிட்டு ஏறிவிட்டது. இனி கைட்டை ஆட்ட வேண்டாம், ஓரிடத்தில் நிறுத்தினால் போதும். ஓடுகிற வேகமே புதிய காற்றை உண்டாக்கிக் கொடுக்கும். அந்தச் சத்தம் மாறுகிற இடத்தை நான் இன்றும் காதால் தேடுகிறேன். தூரத்தில் பூநாரைகள் தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும், அவற்றை விரட்டாத தூரத்தில் திரும்பிவிடுவோம்.

கதவு ஒன்று, ஆட்கள் பலர். ஒருவர் போய்த் திரும்பும் வரை மற்றவர்கள் கரையில். இன்று யோசித்தால் நாங்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது கற்றதுதான். பக்கத்தில் வந்து அமர்கிற பெரியவர் ஒருவர், எந்திரம் வருவதற்கு முன்னால் பாய் கட்டி வத்தை ஓட்டியவர். பாய் சாய்கிறபோது காற்றுப் பக்கம் நீட்டிய பலகையின் நுனியில் ஆள் ஏறி நின்று படகைக் கவிழாமல் பிடிப்பார்களாம். இளவயதில் அவர்தான் அந்த நுனிக்குப் போகிறவர். நாங்கள் ஓரத்தில் குதிகால் அழுத்திச் சாய்வதைப் பார்த்துவிட்டு, “இன்னும் சாயி, பயப்படாத, காத்து உன்னத் தாங்கும்” என்பார். பனை ஓலை சலசலத்தால் ஒரு கணக்கு, சவுக்குத் தோப்பு இரைந்தால் ஒரு கணக்கு அவருக்கு. “தெக்கால மேகம் நிக்கிது பாரு தம்பி. இன்னைக்குப் பெருசா ஒண்ணும் வராது. மூணு மணிக்கு மேல கொஞ்சம் குடுக்கும். அந்தப் பெரிய பலகை மட்டும்தான் ஓடும்” என்று சொன்னால் அன்றைக்கு அப்படித்தான் நடக்கும். மூன்று மணி வரைக்கும் டீயும், சுட்ட மீனும், தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோன இரவைப் பற்றிய பேச்சும். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று யாராவது கேட்டுவந்து சொன்னால் அதுதான் எங்கள் வானிலை அறிக்கை.

இப்போது யாரும் பனை ஓலையைப் பார்ப்பதில்லை. விண்டி செயலியைத் திறந்தால் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை எத்தனை நாட் என்று திங்கட்கிழமையே தெரிந்துவிடுகிறது. மதுரையிலிருந்து கிளம்புகிறவர்கள் காற்று தொடங்க அரைமணி இருக்கும்போது வந்து, அது ஓய்ந்ததும் காரில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் செயலி வேண்டும். அதைப் பார்க்காமல் நானும் கிளம்புவதில்லை, இரவில் எத்தனையோ குடும்பங்களின் உயிரைக் காக்கிற செய்தி அதில் வருகிறது. ஆனால் அந்த மூன்று மணி வரைக்குமான பேச்சு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. பெரியவர்கள் இப்போதும் வந்து அமர்கிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

செயலியைவிடப் பெரிய மாற்றம் ஃபாயில். பலகைக்குக் கீழே ஒரு தண்டு, தண்டின் அடியில் விமானத்தைப் போல முன்னிறக்கை, பின்னிறக்கை. வேகம் பிடித்ததும் இறக்கை தூக்க, பலகை நீரைவிட்டே எழுந்துவிடும். நீரில் இருப்பது அந்த மெல்லிய தண்டும் இறக்கையும் மட்டும். உரசல் அவ்வளவு குறைந்துவிடுவதால், கதவு அசைய மறுக்கிற 8 நாட்டில்கூடச் சின்னக் கைட்டோடு ஓடலாம். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் முதல்முறையாக வந்தது, மார்செய் கடலில், முழுக்க ஃபாயிலில். பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிஜ், ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலென்டின் பொன்டுஸ் தங்கம் வென்றார்கள். சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர், 17 வயது, தன் நாட்டின் தேசிய தினத்தன்று, ஆகஸ்ட் 9-ஆம் தேதி, வெண்கலம் வாங்கினான்; அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எனக்குக் கண் கலங்கிற்று. அங்கேயும் காற்று போதாமல் பந்தயங்கள் தள்ளிப்போயின என்பதையும் சொல்ல வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த ஃபாயில்களைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு பேரும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் மூன்று மணிக் கூட்டத்தைப் போலவே.

ஃபாயிலில் நானும் போயிருக்கிறேன். சத்தமே இல்லை. நீருக்கு மேலே முழங்கால் உயரத்தில் ஒரு மௌனம் உங்களைச் சுமந்து போகிறது, கீழே மீன் திரும்புவது தெரிகிறது. அந்த அனுபவத்தை யாருக்கும் மறுக்க மாட்டேன். என்றாலும் பாக் விரிகுடாவில் மெல்லிய காற்றுக்கு எது என்று கேட்டால், முதல் பலகையாக ஃபாயிலை நான் சொல்வதில்லை. அதற்குக் காரணம் பழசின்மேல் உள்ள பாசம் அல்ல, அந்தக் கடலின் தரை. ஃபாயில் தண்டு 60 சென்டிமீட்டரிலிருந்து 90-ம் அதற்கு மேலும் போகும். ஆள் நிதானமாக ஓட்ட மார்பளவுக்கு மேலாவது நீர் வேண்டும். எங்கள் கரையில் நூறு, இருநூறு மீட்டர் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் நீர் ஏறாத இடங்கள் உண்டு. மணல்திட்டில் இறக்கை தட்டினால் பலகை நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். அடுத்தது கடல்புல். விரிகுடாவின் அடியில் அது பாய் விரித்துக் கிடக்கிறது. உதிர்ந்த தாள்கள் மிதந்து வந்து தண்டில் சுற்றிக்கொண்டால் ஃபாயில் மூச்சுத் திணறும். அந்தப் புல் எங்களுக்குத் தொந்தரவாக இருந்துவிட்டுப் போகட்டும், கடற்பசுவுக்கு அதுதான் சோறு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது அதனால்தான். கூரான இறக்கையை வைத்து அந்தப் புல்வெளியை அறுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வராது. தட்டைப் பலகைக்கு அடியில் இருப்பது விரல் நீளத்துக்குக் குறைந்த நான்கு ஃபின்கள். முழங்காலளவு நீரில் புல்லின் தலையைத் தொடாமல் போய்விடும்.

ஆகவே இப்போது கேட்கிற பிள்ளைகளிடம் முதலில் எடையைக் கேட்கிறேன். கடையில் எழுதியிருக்கிற அளவுகள் பெரும்பாலும் 75, 80 கிலோ ஆளை மனத்தில் வைத்தவை. 62 கிலோ இருக்கிற நம் ஊர்ப் பையன் 165 பலகையை வாங்கினால் திருப்பவும் முடியாது, ஓரத்தை அழுத்தவும் முடியாது. 150-க்கு 44 அவனுக்கு நிறைய. 46-க்கு மேல் அகலம் போனால் குதிகாலிலிருந்து ஓரம் தள்ளிப்போய்விடும், சின்னப் பாதக்காரர்களுக்குக் கணுக்கால் வலிக்கும். ஃபின் 5 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் மெதுவான ஓட்டத்தில் பக்கவாட்டில் வழுக்காது. திருகுகளைக் கையோடு முடுக்கிப் பார்த்துவிடுங்கள், உப்பு தின்றிருக்கும். காற்று 18-ஐத் தாண்டினால் பெரிய பலகையைக் கரையில் வைத்துவிடுங்கள். தட்டை அடி ஒவ்வொரு சிற்றலையிலும் அறையும், முழங்கால்தான் பாவம். இன்னொன்றை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை: மெல்லிய காற்றுதான் ஆளைக் கடலுக்குள் விட்டுவிட்டுப் போகிற காற்று. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற நாளில், அது எவ்வளவு சாந்தமாக இருந்தாலும், துணைப்படகு இல்லாமல் இறங்காதீர்கள். கைட் விழுந்தால் எழாது, காற்று உங்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அகலப் பலகை என்றால் அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவியாவது வரலாம். மெல்லிய காற்றுக்கு அதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன தை மாதம் மீனவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்து கேட்டாள். சீசனில் வருகிறவர்களுக்குக் கைட் ஏற்றி இறக்க உதவி செய்தே தானும் கற்றுக்கொண்டவள். கச்சானில் அவள் ஓடுகிற ஓட்டத்தைக் கரையே நின்று பார்க்கும். வாடையில் ஓடச் சொந்தமாக ஒரு பலகை வேண்டும், புதியது வாங்கப் பணம் பற்றாது. ஓடாவியின் மகனிடம் அழைத்துப் போனேன். அவர் இப்போது ஃபைபர் வள்ளம் மட்டும்தான் போடுகிறார். மரம் அறுத்துப் பல வருடம் ஆயிற்றாம், இருந்தாலும் பிளைவுட் வாங்கிவரச் சொன்னார்.

“உனக்கு 50 கிலோகூட இருக்காதும்மா. 142-க்கு 43 போதும்” என்றேன்.

“எனக்குப் போதும் அங்கிள். தம்பி 68 கிலோ. அவனும் இதுலதான ஓட்டணும். அவனோட சேக்காளி ரெண்டு பேரும் கேக்குறாங்க.”

150-க்கு 45 என்று தாளில் எழுதினேன். அவள் அதை அடித்துவிட்டு 155 என்று எழுதினாள். ஓடாவியின் மகன் இருவரையும் பார்த்துவிட்டு, பிளைவுட் வரட்டும், அதன்மேல் இரண்டு கோட்டையும் போட்டுப் பார்த்துவிட்டு அறுப்போம் என்று சொல்லியிருக்கிறார்.